முன்னறையின் தாகம்

அந்த ஜனவரியில் ஸ்லாவ்காவின் வீட்டில் ஓர் அறை அழுதது; இன்னோர் அறை தாகத்தால் வாடியது. இரண்டுக்கும் நடுவே இருந்தது பன்னிரண்டு அடி நீளமுள்ள ஓர் இடைகழி மட்டுமே.

அழுதது படுக்கையறை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு டிகிரிக் குளிர். காலையில் திரையை விலக்கினால், சன்னல் கண்ணாடியின் அடிப்பகுதியில், உட்புறமாகவே, விரற்கடை கனத்துக்குப் பனிக்கட்டி உறைந்து நிற்கும். நண்பகலில் அது உருகிச் சன்னல் விளிம்பில் வழியும். சென்ற கோடையில் ஸ்லாவ்கா தன் கையாலேயே பூசிய வெள்ளை வண்ணம் அங்கே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது.

வாடியது முன்னறை. அங்கேதான் அவள் கணவன் ஸெனோனின் சிம்பாலி இருந்தது. நான்கு கால்களில் நிற்கும் மரப்பெட்டி. அதன்மேல் நூற்றிருபது கம்பிகள். இரண்டு சிறு மரக்கோல்களால் அவற்றைத் தட்டி வாசிக்க வேண்டும். அந்த வாத்தியத்தின் மேற்பலகையில் ஒரு விரிசல் தோன்றியிருந்தது.

திங்கட்கிழமை அதைக் கண்டபோது அது தீக்குச்சி நீளம். ஸெனோன் அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் ‘8’ என்று தேதியிட்டான். செவ்வாய்க்கிழமை அது கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு, ‘9’. கம்பிகளைத் தாங்கும் குறுக்குப் பாலத்துக்கும் விரிசலின் நுனிக்கும் இடையே இனி நான்கு விரல் இடைவெளிதான். விரிசல் பாலத்தை எட்டிவிட்டால், நூற்றிருபது கம்பிகளின் இழுப்பைத் தாங்காமல் பலகை உள்ளே அமிழ்ந்துவிடும். பிறகு அது வாத்தியமாக இராது. கால் முளைத்த விறகாகவே இருக்கும்.

சனிக்கிழமை மலான்கா. பழைய நாட்காட்டிப்படி ஆண்டின் கடைசி இரவு. யார்க்டன் நகருக்கு வடக்கே நாற்பது மைல் தொலைவிலிருந்த அந்தச் சிற்றூரின் மண்டபத்தில் இருநூறு பேர் கூடி உண்டு, ஆடி, புத்தாண்டை வரவேற்பார்கள். சென்ற ஆண்டு ஸெனோன் நிமோனியாவில் படுத்துவிட்டதால் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் மண்டபம் காலியாகிவிட்டது. இந்த முறை வாசிப்பதாக அவன் அக்டோபரிலேயே வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வட்டாரத்தில் வேறு சிம்பாலி கிடையாது.

ஸெனோன் செய்யாத முயற்சி இல்லை. நிலவறையில், வீடு முழுவதற்கும் வெங்காற்றை அனுப்பும் உலையின் பக்கவாட்டில், ஈரப்பெட்டி ஒன்று தொங்கியது. அதற்குள் ஒரு தகட்டுப் பஞ்சின்மேல் நீர் சொட்டுச் சொட்டாக வழியும். வெங்காற்று அதன் ஊடே புகுந்து, போகிற போக்கில் ஈரத்தைச் சுமந்துகொண்டு குழாய்கள் வழியே அறைகளுக்குப் போகும். எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு குமிழ். குமிழுக்கு மேலே ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது: வெளியே பத்து டிகிரி உறைகுளிரென்றால் முப்பது, இருபதென்றால் இருபத்தைந்து, முப்பதுக்கும் கீழே போனால் இருபதைத் தாண்டாதே. குளிர் கூடக் கூட ஈரத்தைக் குறைக்க வேண்டும், இல்லையேல் சன்னல்கள் அழும் என்பதே அந்த அட்டவணையின் சாரம். ஸெனோன் குமிழை நாற்பதில் வைத்திருந்தான்.

“நாப்பதா?” என்றாள் ஸ்லாவ்கா, படுக்கையறைத் தரையைத் துடைத்த துணியைப் பிழிந்தபடி. “அட்டவணைய எதுக்கு ஒட்டி வச்சிருக்கோம், அழகுக்கா?”

“சன்னலுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சுக்கலாம். சிம்பாலிக்கு அடிக்க முடியுமா?”

“நாப்பது வச்சும் விரியுதே, அது ஏன்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன். அம்பது வைக்கணும்.”

இந்தப் பதிலில்தான் ஸ்லாவ்காவின் மனம் முள்ளில் மாட்டிய நூலைப்போல நின்றது. கணவன் சொன்னது கோபத்தில் சொன்னது. ஆனால் அவள் கேட்டது உண்மையான கேள்வி. இடைகழிச் சுவரில், வீட்டின் வெப்பத்தைச் சீர்செய்யும் கருவியின் கண்ணாடியில், காற்றின் ஈரமும் எண்ணாகத் தெரியும். அது நாற்பது என்றே காட்டியது. படுக்கையறைச் சன்னலும் அதற்கு ஒத்துச் சாட்சி சொன்னது. சிம்பாலி மட்டும் மறுத்துச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மூவரில் எவருக்கும் பொய் சொல்வதில் ஆதாயம் இல்லை. அப்படியானால்?

ஸ்லாவ்கா இருபத்தேழு ஆண்டுகள் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவள். லாரியில் வந்து இறங்கும் கோதுமையில் எத்தனை சதவீதம் ஈரம் என்று அளந்து சொல்வது அவள் தொழில். ஈரம் மிகுந்தால் கோதுமை குவியலிலேயே புழுங்கிக் கெட்டுவிடும். கருவி இருந்தது, ஆனால் கருவி பழுதான நாட்களில் அவள் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவாள். அரைச் சதவீதத்துக்கு மேல் பிசகியதில்லை. விவசாயிகள் அதற்கு ‘அரசாங்கப் பல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்றபோது சக ஊழியர்கள், பத்தில் ஒரு கிராமையும் பிரித்துக் காட்டும் சிறு தராசு ஒன்றைப் பரிசளித்தனர். அவள் அதில் மிளகையும் கசகசாவையும் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் மாலை மிரோன் வந்தான். அடுத்த தெருக்காரன், மலான்கா குழுவில் பிடில் வாசிப்பவன், ஸ்லாவ்காவின் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவுக்கு அவர்களிடையே தனி விளிப்பு உண்டு: ஆணைக் ‘கூமே’ என்பார்கள், அவளை அவன் ‘கூமோ’ என்பான். உடன்பிறந்தவர்களிடம் சொல்லத் தயங்குவதைக்கூடக் கூமிடம் சொல்லலாம். அவனும் அதே உரிமையோடு திருப்பிச் சொல்வான்.

அவன் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேரே முன்னறைக்குப் போய் ஒரு கம்பியைத் தட்டினான். முகத்தைச் சுளித்தான்.

“இது என்ன, வாத்தியமா, மாடு கத்துதா?”

“காலையிலதான் நூத்திருபதும் சேர்த்தேன்,” என்றான் ஸெனோன். “எல்லாம் கீழ இறங்கிருச்சு.”

“நீ சுருதி சேர்த்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த மலான்காவே வந்துரும் போல இருக்கே! நான் சொல்றேன் கேளு, கூமே. குமிழ அறுபதுல வை. சிம்பாலி மேல ஈரத்துணி போடு. பக்கத்துல ரெண்டு வாளி தண்ணி.”

“வாத்தியத்துக்குச் சளி பிடிக்கும்,” என்றாள் ஸ்லாவ்கா.

“கூமோ, உனக்குச் சன்னல் கவலை. எங்களுக்கு மலான்கா கவலை.”

“எனக்கு ரெண்டு கவலையும் இல்ல. ஒரே வீட்டுக் காத்து ரெண்டு விதமா எப்படி இருக்கும்? அதான் எனக்குக் கவலை.”

மிரோன் ஸெனோனைப் பார்த்துக் கண்ணடித்தான். “கிடங்க விட்டு வந்தும் கிடங்கு இவள விடல.”

அன்று ஸெனோன் குமிழை நாற்பத்தைந்தில் வைத்தான். புதன்கிழமை காலை படுக்கையறைச் சன்னலின் பனிக்கட்டி இன்னும் தடித்திருந்தது. முன்னறையில் விரிசல் இன்னொரு விரற்கடை நகர்ந்திருந்தது. மூன்றாவது கோடு, ‘10’. ஸெனோன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் ஏசியிருந்தால்கூட ஸ்லாவ்காவுக்கு இவ்வளவு வருத்தம் இருந்திராது.

அவனுக்குக் காப்பி வைத்துவிட்டுத் திரும்பும்போது, அவள் தோள் திதூக்கில் உரசியது.

திதூக் என்பது கோதுமைக் கதிர்க்கட்டு. பழைய நாட்காட்டியின் கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை, ஜனவரி ஆறாம் தேதி, முதல் விண்மீன் தோன்றிய பிறகு, வீட்டுத் தலைவன் அதை உள்ளே கொண்டுவந்து முன்னறையின் கிழக்கு மூலையில், திருவுருவப் படங்களுக்குக் கீழே நிறுத்துவான். மூதாதையர் அந்தக் கதிர்களுக்குள் வந்து தங்கி, பண்டிகை முடியும்வரை வீட்டாரோடு இருப்பார்கள். அதுவரை அதை அந்த இடத்தைவிட்டு அசைக்க மாட்டார்கள்.

தோள் உரசியதும் ஒரு கதிர் ஒடிந்து விழுந்தது. வளையவில்லை; கண்ணாடிக் குச்சிபோல் ஒடிந்தது. நான்கைந்து மணிகள் தரையில் தெறித்து ஓடின. ஸ்லாவ்கா குனிந்து ஒன்றை எடுத்தாள். இருபத்தேழு ஆண்டுப் பழக்கம்; கை தானாகவே மணியை வாய்க்குக் கொண்டுபோயிற்று.

டக்கென்று உடைந்தது. கல்லைக் கடித்தாற்போல் கடைவாய் அதிர்ந்தது.

அவள் அப்படியே நின்றாள். நாற்பது சதவீத ஈரமுள்ள காற்றில் நான்கு நாள் நின்ற கோதுமை பல்லுக்குச் சற்றே இசைந்து, பிறகுதான் உடையும். இந்த மணி இசையவே இல்லை. சூளையில் வாட்டிய கோதுமைதான் இப்படி உடையும்.

“ஸெனோன்.”

“ம்.”

“திதூக் கொண்டு வந்தப்போ கதிரெல்லாம் எப்படி இருந்துச்சு?”

“கதிர் மாதிரி இருந்துச்சு.”

“வளைஞ்சுதா?”

“வளைஞ்சுது. ரிப்பன் கட்டுறப்போ நீதானே வளைச்சே.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “பெரியவங்கள ஏன் கடிச்சே?”

“ஒருத்தர மட்டும்தான் கடிச்சேன். அவரு உண்மையச் சொல்லிட்டாரு.”

அவள் உள்ளறைக்குச் சென்றாள். பண்டிகை இரவில் தேனும் கசகசாவும் சேர்த்துக் குத்யா என்னும் கோதுமைப் பாயசம் சமைத்ததில் மிஞ்சிய கோதுமை ஒரு துணிப்பையில் இருந்தது. எல்லா மணியும் ஒரே பை, ஒரே ஈரம். நான்கு அகன்ற தட்டுகளை எடுத்தாள். தராசில் நூறு நூறு கிராமாக நிறுத்து, ஒவ்வொரு தட்டிலும் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி பரப்பினாள். சமையலறையில் ஒன்று, இடைகழியில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, முன்னறையில் சிம்பாலியின் அடியில் ஒன்று. தட்டுகளின் கீழே துண்டுச்சீட்டு வைத்துப் பெயரும் நேரமும் எழுதினாள். கிடங்கின் சோதனை மேசையில் இருந்தபோது வரும் அதே மெல்லிய மகிழ்ச்சி அவள் விரல்களில் ஓடியது: இன்னும் தெரியவில்லை, ஆனால் தெரிந்துவிடும் என்ற மகிழ்ச்சி.

கோதுமை பேராசை இல்லாத பிராணி. தன்னைச் சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் கொஞ்சம் குடித்துக் கனக்கும். காற்று வறண்டிருந்தால் தன்னிடம் உள்ளதையே அதற்குக் கொடுத்து இளைக்கும். கேட்டதைக் கொடுக்கும், கொடுத்ததை வாங்கும். கணக்கில் ஒரு மணிகூடப் பொய் சொல்லாது. நல்ல மரமும் அப்படித்தான். ஆனால் மரத்தை நூற்றிருபது கம்பிகளால் இழுத்துக் கட்டிவிட்டால், அது இளைக்கும்போது எங்காவது கிழிய வேண்டியிருக்கிறது.

வியாழன் நண்பகலில் மிரோன் பிடிலோடு ஒத்திகைக்கு வந்தபோது, சமையல் மேசையில் தராசு கொலுவிருந்தது. நான்கு தட்டுகளும் வரிசையில் நின்றன.

“என்ன கூமோ, ஒரு ஆளுக்கு ஒரு தட்டுக் கோதுமையா? நான் போர்ஷ் சூப் இருக்கும்னு வந்தேன்.”

“அடுப்புல இருக்கு. மொதல்ல இத வாசி. எனக்குக் கண்ணாடி எங்கயோ போச்சு.”

மிரோன் ஒவ்வொரு தட்டாகத் தராசில் வைத்துக் குனிந்து படித்தான். “சமையலறை, நூறு புள்ளி நாலு. இடைகழி, நூறு புள்ளி அஞ்சு. படுக்கையறை, நூறு புள்ளி ஒம்பது.” கடைசித் தட்டைத் தராசில் வைத்தான். “முன்னறை, தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு.” நிமிர்ந்தான். “யாரோ தின்னுட்டாங்க.”

“காத்து தின்னுருச்சு,” என்றாள் ஸ்லாவ்கா. “மூணு ரூமுல கோதுமை தண்ணி குடிச்சிருக்கு. முன்னறையில மட்டும் தண்ணியக் கக்கியிருக்கு. ஸெனோன், உன் ஈரமெல்லாம் நம்ம படுக்கையறைக்குப் போகுது. இங்க ஒரு சொட்டும் வரல.”

ஸெனோன் தட்டில் கைவிட்டு மணிகளை அளைந்தான். “எப்படி வராம இருக்கும்? எல்லா ரூமுக்கும் ஒரே ஃபர்னஸ்தானே?”

“அதான் நானும் கேக்கறேன். முன்னறைக்குச் சூடு எங்கேருந்து வருது?”

“ஹீட்டர் வச்சிருக்கேனே. கரண்ட் ஹீட்டர்.”

“எதுக்கு?”

ஸெனோன் விளக்கினான். விளக்க விளக்கவே அவன் குரல் மெலிந்துகொண்டு வந்தது. ஆறாம் தேதி திதூக்கைக் கொண்டுவந்து கிழக்கு மூலையில் நிறுத்தினான். மூலையில் தரையோடு தரையாகப் பதித்த இரும்புச் சல்லடை ஒன்று உண்டு. உலையின் வெங்காற்று முன்னறைக்குள் வரும் ஒரே வாய் அதுதான். உலர்ந்த கதிர்க்கட்டின்மேல் இரவும் பகலும் வெங்காற்று அடித்தால் மணிகள் உதிரும். மூதாதையரை வாட்டி எடுப்பதும் மரியாதையன்று. தவிர, வெங்காற்று சிம்பாலிக்கும் ஆகாது. ஆகவே சல்லடையின் நெம்பியைத் தள்ளிக் காற்றுவாயை அடைத்து, மேலே கம்பளத்தை விரித்து, அதன்மேல் திதூக்கை நிறுத்தினான். அறை குளிர்ந்தது, மின்சார ஹீட்டரை வைத்தான். இடைகழிக் கதவையும் சாத்தினான்.

“சாத்தி?” என்றான் மிரோன்.

“சாத்தி... குமிழக் கூட்டினேன்.”

மிரோன் சத்தமின்றிச் சிரிக்கத் தொடங்கினான். தோள்கள் மட்டும் குலுங்கின.

“ஒருத்தன் தோட்டத்துல முட்டைக்கோஸ் போட்டிருந்தானாம்,” என்றாள் ஸ்லாவ்கா. “ஆடு வந்து தின்னுருமோன்னு பயம். சுத்தி வேலி போட்டான். ஆடு தாண்டிக் குதிச்சா? மேல கூரையும் போட்டான். அப்புறம் கோஸு வாடுதே, வானம் சரியா பெய்யலயேன்னு தினமும் கோயிலுக்குப் போய் மழைக்கு வேண்டிக்கிட்டானாம். மழை நல்லாத்தான் பெஞ்சுது. அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் வெள்ளம்.”

“அந்தக் கத எங்க கேட்டே?”

“இப்பதான் தோணுச்சு.”

ஸெனோன் சிரிக்கவில்லை. எழுந்து முன்னறைக்குப் போனான். மற்ற இருவரும் பின்தொடர்ந்தனர். ஸ்லாவ்கா தெருக்கதவின் அடியில் கைவைத்துப் பார்த்தாள். ஊசிபோல் குளிர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது அவளுக்குக் கதை முழுமையாயிற்று. அத்தனை குளிரில் உறைந்த வெளிக்காற்று ஈரமென்று எதையும் கையில் கொண்டு வருவதில்லை. உள்ளே வந்து ஹீட்டரின் சூட்டில் வயிறு விரிந்ததும் அதற்குத் தாகம் எடுக்கிறது. சாத்திய அறைக்குள் அது குடிக்க என்ன இருக்கிறது? கதிர்க்கட்டும், ஒரு மரப்பலகையும்தான்.

“திதூக்க நகர்த்தணும்,” என்றாள்.

மிரோனின் சிரிப்பு நின்றது.

“கூமோ, பண்டிகை முடியல,” என்றான் அவன். “பெரியவங்க உள்ள இருக்காங்க.”

“இருக்கட்டும். காத்து வர்ற வழியில இருக்காங்க.”

“எங்கப்பா இருந்தா சம்மதிச்சிருக்க மாட்டாரு,” என்றான் ஸெனோன் மெதுவாக.

“உங்கப்பா இதுக்குள்ளதானே இருக்காரு? அவரையே கேக்கறேன்.” ஸ்லாவ்கா திதூக்கின் முன் நின்று, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். அவள் குரலில் கேலி இல்லை. “மாமா, நீங்க அறுவடைக்காரரு. காஞ்ச கோதுமையப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க புள்ள மரியாதைக்குன்னு பண்ணினது உங்களையே காய வச்சிருச்சு. ஒரே ஒரு அடி, சோபா பக்கமா. அதே மூலைதான், அதே படத்துக்குக் கீழதான். சிம்பாலி இல்லாத மலான்காவுக்கு நீங்க வருவீங்களா, சொல்லுங்க?”

மிரோன் தொப்பியைக் கழற்றினான். “அவரு எங்க வருவாரு? போன வருஷம் அந்த ஒலிபெருக்கியக் கேட்டு ஓடியிருப்பாரு.”

ஸெனோன் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் திதூக்கை இரு கைகளாலும் அணைத்து ஓரடி தள்ளி வைத்தான். கதிர்கள் சரசரத்தன. கம்பளத்தைச் சுருட்டி, நெம்பியைத் திறந்தபோது, கீழிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. ஐந்து நாட்களாகக் குழாய்க்குள் தேங்கிய உமியும் தூசும் முதலில் பறந்து ஸெனோனின் மீசையில் ஒட்டின. பின்னாலேயே இளஞ்சூடான, ஈர வாசனையுள்ள காற்று வந்தது.

ஹீட்டரை அணைத்தார்கள். தெருக்கதவின் அடியில் ஸ்லாவ்கா ஒரு துவாலையைச் சுருட்டித் திணித்தாள். இடைகழிக் கதவை விரியத் திறந்து, அது மூடாதபடி ஒரு செருப்பை இடுக்கினாள். பிறகு நிலவறைக்கு இறங்கினாள். ஸெனோன் பின்னாலேயே ஓடி வந்தான். அவள் குமிழை நாற்பத்தைந்திலிருந்து இருபதை நோக்கித் திருப்புவதைக் கண்டதும் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“பைத்தியமா உனக்கு? இப்பதான் வழி தெறந்திருக்கு, இப்போ போய்க் குறைக்கிறியே!”

“நாப்பத்தஞ்சு வச்சும் அந்த மரத்துக்குப் பத்துக்கூடக் கெடைக்கல. இருபது வச்சு இருபதும் கெடைச்சா அதுக்கு ரெட்டிப்பு தானே?”

“இன்னும் கூட இருந்தா இன்னும் நல்லதுதானே?”

“காஞ்சு கெடந்தவனுக்கு ஒரே மூச்சுல வாளித் தண்ணி குடுப்பியா? மரம் ஒரு பக்கம் மட்டும் ஊதும். அப்புறம் இன்னொரு எடத்துல விரியும். அதுக்கு வேண்டியது நெறைய இல்ல, ஸெனோன். நாளைக்கும் இன்னைக்கு மாதிரியே இருக்கணும். அவ்வளவுதான்.”

ஸெனோன் அட்டவணையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிடி தளர்ந்தது. ஆனாலும் அவள் விரலை இருபதில் நிறுத்தவிடாமல் இருபத்தைந்துக்குத் தள்ளினான்.

“நாளைக்குக் குளிர் கொஞ்சம் குறையும்னு ரேடியோவுல சொன்னான்,” என்றான் சமாதானமாக.

“சரி, இருபத்தஞ்சு. சன்னல் அழுதா நீதான் தொடைக்கணும்.”

அன்று மாலை ஒத்திகை நடக்கவில்லை. மூவரும் போர்ஷ் குடித்தார்கள். ஸெனோன் இருமுறை எழுந்து போய் விரிசலைப் பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் முறை எழுந்தபோது மிரோன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “உக்காருடா. பாத்துக்கிட்டே இருந்தா அதுக்கும் வெக்கமா இருக்காதா?”

வெள்ளிக்கிழமை காலை ஸெனோன் கைவிளக்கோடும் பூதக்கண்ணாடியோடும் சிம்பாலியின்மேல் குனிந்தான். ஸ்லாவ்கா வாசற்படியிலேயே நின்றாள். கோதுமையைப் பற்றி அவளுக்குத் தெரியும். மரத்தைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் கோதுமையிலிருந்து ஊகித்ததுதான். ஊகம் பொய்த்தால் பாலமே போய்விடும்.

“கடைசியா எப்போ கோடு போட்டே?” என்றாள்.

“நேத்துக் காலையில. பதினொண்ணு.”

“இப்போ?”

ஸெனோன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். பலகைக்கு அருகே கொண்டுபோனான். பிறகு கோடு எதுவும் கிழிக்காமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அங்கேயேதான் நிக்குது,” என்றான். “பதினொண்ணுலயே.”

விரிசல் மூடிக்கொண்டதா என்று கேட்டால், இல்லை. மூடிக்கொள்ள அது காயம் அன்று. கோடையில் வாத்தியக்காரரிடம் கொண்டுபோய்ப் பசையிட்டு ஆப்பு வைக்க வேண்டும். ஆனால் பாலத்துக்கு ஒன்றரை விரல் முன்னால் அது நின்றுவிட்டது. சனிக்கிழமை நண்பகலில் ஸெனோன் சுருதி பார்த்தபோது, நூற்றிருபதில் ஏழு கம்பிகளுக்கு மட்டுமே திருகு தேவைப்பட்டது. சிம்பாலியைக் கம்பளிப் போர்வைகளில் சுற்றி, இன்ஜின் போட்டுச் சூடாக்கிய வேனில் ஏற்றி, மண்டபத்தில் இறக்கிய பிறகும் அரைமணி நேரம் போர்வையை அவிழ்க்க ஸ்லாவ்கா விடவில்லை. “அதுக்கும் இந்தக் காத்து பழகட்டும்,” என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மலான்கா வழக்கப்படி ஆட்டுத்தோல் போர்த்தி வந்த ஆடுவேடக்காரன் கொம்பால் போர்வையை இடித்தபோது, கோலுப்சி என்னும் முட்டைக்கோஸ் சுருள்கள் இருந்த கைத்தட்டாலேயே அவனை விரட்டினாள்.

அவ்வாண்டு மலான்காவில் ஒன்பது மணிக்கு எவரும் வீட்டுக்குப் போகவில்லை. நடுவில் ஒரு கம்பி அறுந்தது. ஸெனோன் அதைத் தாண்டித் தாண்டியே வாசித்தான். மிரோனைத் தவிர யாருக்கும் தெரியவில்லை; மிரோன் மட்டும் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் பிடிலை உரக்க இழுத்துவிட்டுப் பெருமையோடு கூட்டத்தைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை, புத்தாண்டுக் காலை. அன்று வீட்டுக்குள் முதலில் நுழைபவன் ஆணாக இருக்க வேண்டும். கைநிறையக் கோதுமையைத் தூவி, வீட்டில் விளைச்சலும் நலமும் பெருக வாழ்த்த வேண்டும். மிரோன் தூக்கக் கலக்கத்தோடு வந்து, ஒரு பையிலிருந்து அள்ளி அள்ளி முன்னறை முழுவதும் வீசினான். மணிகள் சோபாவில் விழுந்தன, திதூக்கின் காலடியில் விழுந்தன, சிம்பாலியின் கம்பிகள்மேல் சிதறிக் கிணுகிணுவென்று தாமாகவே ஒரு வாசிப்பு வாசித்தன. ஒரு பிடி நேரே காற்றுவாய்க்குள் போய், குழாய் வழியே தடதடவென உருண்டு கீழே இறங்கிற்று.

மூவரும் அந்தச் சத்தம் அடங்கும்வரை காதுகொடுத்தனர்.

“இந்த வருஷம் உங்க ஃபர்னஸுக்கும் நல்ல விளைச்சல்,” என்றான் மிரோன்.

தூவிய கோதுமையை அன்று பெருக்கக் கூடாது. ஸ்லாவ்கா திங்கட்கிழமை காலைதான் விளக்குமாற்றை எடுத்தாள். சோபாவின் காலருகே கிடந்த ஒரு மணியைப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டாள். பல்லுக்கு ஒரு கணம் இசைந்து, பிறகு உடைந்தது. அவள் தலையசைத்தாள்.

சன்னலுக்கு வெளியே, வெயில் பட்ட கூரை விளிம்பிலிருந்து முதல் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. தெற்கிலிருந்து காற்று வந்து குளிர் ஒரே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி என்ற அளவுக்கு இளகியிருந்தது. ஸ்லாவ்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, அட்டவணையை இன்னொரு முறை பார்க்க நிலவறைக்கு இறங்கினாள். பாதிப் படியில் ஸெனோனின் குரல் கீழிருந்து எழுந்தது.

“முப்பதுல வச்சுட்டேன். சரிதானே?”

“தட்டு வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள் அவள்.